பூட்டலாம் என்று சொன்னேன்

1

மூன்று மாதத்துக்கு முன் எங்கள் கட்டிடத்தில் களவு போனது. மலாய் நாட்டுச் சிரம்பானில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள கடைத்தெருவில், கீழே கடைகளும் மேலே ஏழு குடும்பங்களுமாக இருக்கிற ஒரு கட்டிடத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். எல்லாருக்கும் ஒரே படிக்கட்டு. படியடியில் இருக்கும் தெருக்கதவின் தாழ் பல நாளாகக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மேல்தட்டில் தனியாக வசிக்கும் மலையாளத் தாதி ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருந்த நேரம், பட்டப்பகலில் எவனோ ஏறி வந்து அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஊருக்குப் போகும்போது உடுப்பதற்கென்று சேர்த்த சேலைகளெல்லாம் அதற்குள் இருந்தன.

மறுநாள் காலையில் கட்டிடத்துக்குச் சொந்தக்காரி வந்தாள். சீனப் பெண், ஐம்பது வயதிருக்கும். ரிக்ஷாவை விட்டு இறங்கும்போதே கூட ஒரு தச்சனையும் அழைத்து வந்திருந்தாள். தச்சன் தெருக்கதவுக்குப் புதுத் தாழ் போட்டு முடிக்கும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஏழு வீட்டுக் கதவுகளையும் தானே தட்டி, வீட்டுக்கொரு புதுப் பூட்டைக் கொடுத்தாள். தாதியின் கதவடியில் நின்று, தலையைக் கொஞ்சம் குனிந்து, “சாயா பூஞா சாலா” என்றாள். பதினொரு வருடம் இந்த நாட்டில் இருந்தும் எனக்கு மலாய் சரியாக வராது. என் மகள் லீலாதான் அர்த்தம் சொன்னாள். இது என்னுடைய பிழை என்கிறாளாம்.

“கள்ளன் எடுத்ததுக்கு அவ ஏனம்மா தன்ட பிழை எண்டுறா?” என்று லீலா கேட்டாள்.

அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு சின்னக் கூத்து நடந்தது. லீலா பள்ளிக்கூடம் போகிற நேரம் நான் கீழே மீன்காரனிடம் நின்றேன். “வரேக்க கதவைப் பூட்டிட்டு வா புள்ள” என்று கீழிருந்தே கூப்பிட்டுச் சொன்னேன். அவள் புதுப் பூட்டைக் கொழுவி, திறப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் மீனும் கையுமாகப் பின்னேரம் இரண்டரை மணிவரை படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்ததும் ஏசினேன்.

“நீங்கதானே பூட்டச் சொன்னீங்க?”

“பூட்டுறது எண்டா சாத்துறதுதானே, புள்ள!”

“அப்ப லொக் பண்ணுறதுக்கு என்ன சொல்லுறது?”

“அதுக்கும் பூட்டுறதுதான்.”

லீலா சிரித்தாள். “என்ன பாஷையம்மா இது! ரெண்டுக்கும் ஒரு சொல்லா?” என்று கேட்டுவிட்டு, சப்பாத்தைக் கழற்றப் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன், மட்டக்களப்புக் கோட்டில், நீதவான் முன்னால், இந்த ஒரு சொல்லை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்பது அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. என் கணவருக்கும் அப்போது முழுதாகத் தெரியாது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

2

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான். கோட்டைமுனையில் வாவியைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் வீடு என் தாயிடமிருந்து எனக்குச் சீதனமாக வந்தது. ஆகவே அந்த வீட்டுக்கு நல்லதோ கெட்டதோ, பொறுப்பு என் பெயரில்தான். என் கணவருக்கு மலாய் நாட்டில் ரயில்வேக் கந்தோரில் வேலை கிடைத்தபோது, வீட்டைப் பூட்டிவைத்தால் கறையான் தின்னும் என்று அதை முன்னும் பின்னுமாக இரண்டு பகுதியாக மறித்து வாடகைக்கு விட்டோம். மேற்பார்வைக்கு என் அம்மான் இருந்தார். தாயின் தம்பி. கல்யாணம் செய்யாதவர். என்னைத் தூக்கி வளர்த்தவர் என்றே சொல்லலாம்.

வீட்டை மறித்தபோது பின்பக்கத்து அறைக்காரர் கிணற்றடிக்குப் போக வழியில்லாமல் போயிற்று. அதற்காகப் பின்சுவரை உடைத்து ஒரு கதவு வைத்தோம். பழைய மாட்டுக்கொட்டிலில் கிடந்த கதவு அது. நிலைக்கும் கதவுக்கும் அளவு பொருந்தவில்லை. உள்ளிருந்து குறுக்கே போடுகிற மரத் திறாங்கு வைக்க வேண்டுமானால் நிலையைப் பெயர்த்துத் திரும்ப வைக்க வேண்டும் என்றார் தச்சர். கப்பலுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. “மறுகா பாப்பம்” என்று நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அந்தக் கதவைச் சாத்தலாம். காற்றடித்தால் திறந்துகொள்ளும். அடியில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்தால் நிற்கும்.

நான்காம் வருடம் அந்தப் பின்னறைக்கு நல்லம்மை குடிவந்தாள். பழுகாமத்துப் பெண். புருஷன் காய்ச்சலில் இறந்துபோக, பிள்ளைகுட்டியும் இல்லாமல், ஒரு கை மெசினை மட்டும் எடுத்துக்கொண்டு தைத்துப் பிழைக்கப் பட்டணத்துக்கு வந்திருந்தாள். முன்னறையில் காத்தான்குடி மீராலெவ்வை துணிக்கடை வைத்திருந்தார். அவருடைய கடையில் துணி எடுப்பவர்கள் அப்படியே பின்னால் போய் நல்லம்மையிடம் சட்டைக்கு அளவு கொடுப்பார்கள். இரண்டு பேருக்கும் நல்ல தோதாக இருந்தது என்று அம்மான் எழுதியிருந்தார். நான் அவளை அப்போது பார்த்ததில்லை.

3

நல்லம்மைக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்ல மீராலெவ்வை எழுதிய முதல் கடிதம், அவள் குடிவந்து மூன்று மாதத்தில் எனக்கு வந்தது. கதவுக்குத் திறாங்கு இல்லை, தனியே இருக்கப் பயமாக இருக்கிறது, ஒன்று வைத்துத் தர வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டிருந்தாள். நான் அம்மானுக்கு எழுதினேன். அம்மான் பதில் போட்டார்: “குடியிருக்கிறவர்கள் ஒன்று கேட்டுச் செய்தால் பத்துக் கேட்பார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.” அவர் பார்த்துக்கொள்வார் என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டாவது கடிதம் இன்னமும் என்னிடம் இருக்கிறது. அதை அப்படியே எழுதுகிறேன்.

“கோட்டைமுனை வீட்டுக்கார அக்காவுக்கு நல்லம்மை எழுதிக்கொள்வது. நான் மண்டூர்க் கோயில் தீர்த்தத்துக்குப் போன அன்று பின்கதவால் ஆள் வந்து என் செம்புக் குடமும் இரண்டு சேலையும் போய்விட்டது. அம்மானிடம் சொன்னேன். களவு போனதற்கு நாங்கள் என்ன செய்கிறது என்கிறார். போனது போகட்டும். மெசின் இருக்கிறது. அது போனால் எனக்குச் சீவியம் இல்லை. மீராலெவ்வைக் காக்கா கதவைக் கயிற்றால் கட்டித் தந்தார். கயிறு எத்தனை நாளைக்கு. அக்காவும் பெண்தானே. ஒரு திறாங்கு வைத்துத் தர வேண்டும்.”

இந்தக் கடிதம் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று லீலாவை முதன்முதலாக கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போயிருந்தோம். பிறப்புப் பத்திரத்தில் என் கணவரின் பெயர் ஒரு விதமாகவும், ரயில்வேக் கந்தோர்த் தாளில் இன்னொரு விதமாகவும் இருந்ததால் மூன்று கந்தோர் ஏறி இறங்கினோம். ஒரு துரை, தகப்பன் பெயர் எது பிள்ளையின் பெயர் எது என்று விளங்காமல் என்னையே லீலா என்று பதிந்துவிட்டார். அந்த அலுப்போடு வீட்டுக்கு வந்து, கடிதத்தை வாசித்து, நாளைக்குப் பதில் போடலாம் என்று பெட்டியில் வைத்தேன்.

நாளைக்குப் போடவில்லை. அடுத்த கிழமையும் போடவில்லை. சாக்குச் சொல்லிப் பார்க்கிறேன், ஒன்றும் பொருந்தவில்லை. எனக்கு அந்தக் கிழமைகளில் பெரிய வேலை எதுவும் இருக்கவில்லை. லீலாவின் பள்ளிச் சட்டைக்குக் கழுத்தில் பூப் பின்னிக்கொண்டிருந்தேன்.

நாற்பது நாள் கழித்து அம்மானின் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், மீராலெவ்வை ஜும்மாவுக்குக் காத்தான்குடிக்குப் போயிருந்த நேரம், ஒருவன் பின்கதவால் வந்திருக்கிறான். உள்ளே படுத்திருந்த நல்லம்மை, கயிறு அறுந்து கதவு தள்ளுப்பட்ட சத்தத்தில் எழும்பி வந்தபோது அவன் மெசினைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவள் விடவில்லை. இரண்டு கையாலும் மெசினைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். அவன் கையில் இருந்த இரும்புக் கம்பியால் அவளுடைய வலது கையில் அடித்திருக்கிறான். ஒரு தடவை அல்ல. மெசின் போய்விட்டது. கை மணிக்கட்டுக்கு மேல் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

கடிதத்தின் கடைசியில் அம்மான் இப்படி எழுதியிருந்தார்: “நீ ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். பொலிஸ் வந்து பார்க்க முன்னமே கதவுக்குத் திறாங்கு வைத்துவிட்டேன்.”

4

அடுத்த மாதமே என் கணவருக்கு நீண்ட லீவு கிடைத்தது. கப்பலில் கொழும்பு வந்து, ரயிலேறி மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். முதல் வேலையாக நான் பின்பக்கம் போய்க் கதவைப் பார்த்தேன். திறாங்கு இருந்தது. நல்ல பாலை மரம். நிலையைப் பெயர்த்துத் திரும்ப வைத்திருந்தார்கள். புதிதாகத் தெரியாமலிருக்க ஆணித் தலைகளில் தார் பூசியிருந்தார் அம்மான்.

“எத்தினை நாள் எடுத்தது அம்மான், இது செய்ய?”

“அரை நாள்தான் புள்ள. தச்சன் கணேசண்ட பெடியன் வந்து செய்தான்” என்றார் அவர், தன் கெட்டித்தனத்தை நான் மெச்சுவேன் என்று நினைத்து.

அரை நாள் வேலை.

நல்லம்மை அடையாளம் காட்டிய ஆளைப் பொலிசார் பிடித்திருந்தார்கள். வளவு வளவாகப் போய்த் தேங்காய் வாங்குகிற ஒருவன். மெசின் அவனிடம் அகப்படவில்லை. எந்த ஊரில் கைமாறியதோ தெரியாது. அவளுடைய வாக்குமூலம் ஒன்றுதான் இருந்தது. திறாங்கு இல்லாத கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான் என்று அவள் சொல்லியிருந்தாள். பொலிஸ்காரர் வந்து பார்த்தால் கதவில் திறாங்கு இருந்தது. உடைத்த அடையாளமும் இல்லை. ஆகவே வீட்டுக்காரியான எனக்குச் சாட்சி சொல்ல வரும்படி கோட்டுக் கட்டளை வந்தது.

அம்மான் என்னை வழக்குப் பேசுகிற ஒரு பிரக்கிராசியாரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் நல்ல மனிதர்தான். வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, நான் சொன்னதெல்லாவற்றையும் கேட்டார். கடிதங்களைப் பற்றியும் சொன்னேன்.

“அந்தக் கடிதம் உங்கட கையில இருக்கா?”

“ஓம், கொண்டுவந்திருக்கிறன்.”

அவர் ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். பிறகு மெல்லச் சொன்னார். “பாருங்க அம்மா, அடிச்சவன் குற்றவாளி. அதுல உங்களுக்கு ஒண்டுமில்ல. ஆனா கதவுக்குத் திறாங்கில்ல எண்டு தெரிஞ்சு, ஒருக்காக் களவும் போய், அதை அவ எழுதியும் அறிவிச்சு, நீங்க செய்யாம விட்டீங்க எண்டு வந்தா, மறுகா அவ உங்களுக்கு எதிராத் தனி வழக்கு வைக்கலாம். கைக்கு நட்டஈடு கேக்கலாம். வெல்லுறது தோக்குறது வேற. பேர் கெட்டுப்போகும்.”

“அப்ப நான் என்ன சொல்லோணும்?”

“பொய் சொல்லச் சொல்லி நான் ஒருநாளும் சொல்ல மாட்டன். கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்க. கேக்காததைச் சொல்லாதீங்க.”

வரும் வழியில் அம்மான் மிகுந்த சந்தோஷத்துடன் இருந்தார். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடும்படி சொன்னார். நான் கிழிக்கவில்லை. அது ஒன்றுதான் அந்த நாட்களில் நான் செய்த ஒழுங்கான காரியம். அதைக்கூட ஏன் செய்தேன் என்று எனக்குத் தெரியாது.

5

கோட்டில்தான் நல்லம்மையை முதன்முதலாகப் பார்த்தேன். மெலிந்த, நிமிர்ந்த பெண். வலது கையைத் துணியில் தொங்கவிட்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

“மலாய் நாட்டு அக்காதானே? நீங்க வந்தது நல்லதாப் போயிற்று. நான் சொல்லுறத ஒருத்தரும் நம்புறாங்க இல்ல. நீங்க சொன்னா நம்புவாங்க.”

நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டு, “கை நோகுதா?” என்று மட்டும் கேட்டேன்.

“நோ போயிரும் அக்கா” என்றாள்.

மீராலெவ்வை சாட்சி சொன்னார். தானே அந்தக் கதவைக் கயிற்றால் கட்டியதாகச் சொன்னார். எதிரியான தேங்காய்க்காரனின் பக்கத்துப் பிரக்கிராசியார், உமக்கும் இந்தப் பெண்ணுக்கும் என்ன பழக்கம் என்று கேட்டுச் சிரிப்பு மூட்டினார். நாலு பிள்ளைகளின் தகப்பனான அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முகம் கறுத்துப் போய் இறங்கினார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நீதவான் இங்கிலீசுக்காரர். அவருக்கும் எனக்கும் நடுவில் மொழிபெயர்க்கிற முதலியார் நின்றார். அவர் வேறு பக்கத்தவர், எங்கள் ஊர்ப் பேச்சு அவ்வளவு பழக்கமில்லாதவர். வெள்ளைத் தலைப்பாகையும் கனத்த குரலும்.

“நீர் இந்த ஊரை விட்டுப் போகும்போது அந்தப் பின்கதவு பூட்டக்கூடிய கதவாக இருந்ததா?”

மண்டபத்தில் நல்லம்மை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மானும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம்,” என்றேன். “பூட்டலாம்.”

கதவைச் சாத்துவதையும் நாங்கள் பூட்டுவது என்றுதான் சொல்வோம். அந்தக் கதவைச் சாத்தலாம். ஆகவே நான் சொன்னது பொய்யல்ல என்று அந்த நிமிஷத்தில் எனக்குள் ஒரு குரல் சொன்னது. முதலியார் திரும்பி, நீதவானிடம் இங்கிலீசில் சொன்னார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். ‘லொக்’ என்ற சொல் எனக்கு விளங்கும். அது என் காதில் தெளிவாக விழுந்தது. நீதவான் தலையை அசைத்துக்கொண்டு அதை எழுதினார். பேனா தாளில் ஓடியதைப் பார்த்தேன். “இல்லை ஐயா, சாத்தலாம் என்றுதான் சொன்னேன், திறாங்கு இருக்கவில்லை” என்று சொல்ல அவ்வளவு நேரமும் எனக்கு இருந்தது. அவர் எழுதி முடித்தார். நான் சொல்லவில்லை.

“அக்கா!” என்று நல்லம்மை எழுந்தாள். “நான் எழுதின கடுதாசி? கயித்தால கட்டினதெண்டு எழுதினேனே, அக்கா!”

சேவகன் அவளை அதட்டி உட்கார வைத்தான். அந்தக் கடிதத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை.

அதன்பிறகு நடந்ததுதான் பெரிய கொடுமை. எதிரிப் பிரக்கிராசியார் எழுந்தார். வீட்டுக்குச் சொந்தக்காரியே சொல்லிவிட்டார், கதவு பூட்டக்கூடியது என்று. உடைத்த அடையாளம் இல்லை. அப்படியானால், பட்டப்பகலில், தனியாக இருக்கும் ஒரு கைம்பெண்ணின் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டது யார்? ஏன் திறந்துவிட்டார்? பிறகு அவர்களுக்குள் என்ன சண்டை வந்தது? இதை அவர் தமிழிலேயே, மண்டபம் முழுவதும் கேட்கும்படி கேட்டார்.

நல்லம்மை தலையைக் குனியவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

தேங்காய்க்காரனை விட்டுவிட்டார்கள்.

6

லீவு முடிய ஐந்து நாள் இருக்கும்போது நான் பழுகாமத்துக்குப் போனேன். அம்மானிடம், களுவாஞ்சிக்குடியில் ஒரு கூட்டாளியைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். களுவாஞ்சிக்குடியில் இறங்கி வாவியைத் தோணியில் கடந்தேன். தோணிக்காரரிடம் நல்லம்மையின் வீட்டை விசாரித்தபோது, “அந்தக் கோட்டுக்காரியா?” என்று கேட்டார். அவளுக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது.

அவள் தமையனின் வளவுக்குள் ஒரு கொட்டிலில் இருந்தாள். வயல் வட்டைக்கு எல்லாரும் அறுவடைக்குப் போயிருந்தார்கள். அவள் மட்டும் நெல்லுக்குக் காவலிருந்தாள். என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. இருக்கச் சொல்லிப் பாயை விரித்தாள், ஒரு கையால். செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“சோத்துக் கை உயராது. இடக் கையால தாறன், குறை நினைக்காதீங்க.”

நான் வாங்கிக் குடித்தேன்.

“கை நல்லா வந்திருமெண்டு பரியாரி சொல்லுறாரா?” என்று கேட்டேன்.

“விரல் மடங்குது. ஊசி பிடிக்க ஏலாது.” அவளே மேலும் சொன்னாள். “தமையண்ட பெண்சாதி என்னை இஞ்ச வைச்சிருக்க விருப்பமில்ல எண்டா. ஊர் கதைக்குதாம். மறுகா மண்டூருக்குப் போய்க் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினன். அதுக்குப் பிறகுதான் இந்தக் கொட்டில் தந்தாங்க. அதிலயும் பாதிப்பேர் நம்பினாங்க, பாதிப்பேர் நம்பல்ல. கோட்டு சொன்னது பொய்யாகுமா எண்டுறாங்க.”

அதைச் சொல்லத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். நான் செய்தது பிழை என்று சொல்ல. வாய்வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாக, “நான் பொய் சொல்லல்ல நல்லம்மை, அந்த முதலியார் பிழையாச் சொல்லிப்போட்டார்” என்றேன்.

அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

“அவர் பிழையாச் சொன்னது உங்களுக்கு விளங்கினதா, அக்கா?”

நான் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“வெயில் ஏறுது,” என்றாள் அவள். “தோணி போயிரும். நீங்க எழும்புங்க.”

சிரம்பானுக்குத் திரும்பினோம். லீலா பெரியவளானாள். வீட்டில் நாங்கள் தமிழில் பேச, அவள் பாதி நேரம் இங்கிலீசில் மறுமொழி சொல்லப் பழகினாள். கோட்டைமுனை வீடு உனக்குத்தான் சீதனம் என்று ஒருநாள் சொன்னபோது, “அங்க ஆர் போய் இருக்கிறது? எனக்கு வேணாம்” என்றாள். மூன்று தலைமுறைப் பெண்களின் கையால் வந்த வீடு. எனக்கு நெஞ்சு வலித்தது. அந்தக் கதவு அவள் கைக்குப் போகாது என்ற ஆறுதலும் அந்த வலிக்குள் இருந்தது என்பதை யாரிடம் சொல்வேன்?

7

லீலா பூட்டைக் கொழுவிக்கொண்டு போன அன்று பின்னேரம், அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. ஊர்ச் சொற்கள் பல விளங்காமல் இடையிடையே கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். திறாங்கு என்றால் என்ன என்று கேட்டாள். கைம்பெண் என்றால் என்ன என்று கேட்டாள். முழுக்கக் கேட்டபின் ஒன்றுதான் சொன்னாள்.

“அந்த மெசின் எடுத்தவனை நீங்க ஒருக்காவும் ஏசல்லியேம்மா.”

உண்மைதான். இத்தனை வருடத்தில் அவனை நினைத்து எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அவன் கையை முறித்தான். நான் முறித்தது வேறு.

அன்றே கோட்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன். சாட்சியில் நான் சொன்னது தவறாக விளங்கப்பட்டது, அது தவறு என்று எனக்கு அப்போதே தெரியும், நல்லம்மை சொன்னதே மெய் என்று எழுதி, அவளுடைய பழைய கடிதத்தையும் பிரதி எடுத்து வைத்து அனுப்பினேன். என் கணவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு முத்திரையை அவரே ஒட்டினார். கோட்டிலிருந்து வந்த மறுமொழி மூன்று வரி: அந்த வழக்கு முடிந்துவிட்டது, கடிதம் வழக்குக் கோவையில் சேர்க்கப்பட்டது, இது விஷயமாக மேற்கொண்டு நடவடிக்கை இல்லை. என்னைத் தண்டிப்பார்கள் என்று பயந்திருந்தேன். ஒன்றுமில்லை என்றபோது அந்தப் பயத்தைவிட மோசமாக இருந்தது.

நல்லம்மைக்கும் எழுதினேன். பழுகாமத்துக்கு, தமையன் பெயரைப் போட்டு. மன்னிப்புக் கேட்டேன். வீட்டின் பின்பகுதியை அவள் பெயருக்கு எழுதி வைக்கிறேன், வந்து இருக்கலாம் என்றும் எழுதினேன். ஆறு கிழமை பதில் இல்லை. போன வியாழக்கிழமை ஒரு சின்னக் கடிதம் வந்தது. யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் உருண்டைக் கையெழுத்து. அவள் சொன்னதை மாற்றாமல் அப்படியே எழுதியிருக்கிறது:

“உங்கட கடுதாசியை வாசிச்சுக் காட்டினாங்க. வீடு எனக்கு வேணாம். அந்தக் கதவுக்குத் திறாங்கு இருக்கல்ல எண்டு எழுதியிருக்கிறீங்க. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சதை எனக்கு எழுதி என்ன? தெரியாத ஆக்களுக்கு எழுதுங்க.”

ஆகவேதான், பத்திராதிபரின் தயவால், இதை ஊருக்கு எழுதுகிறேன். கோட்டைமுனையில் இருப்பவர்களும், களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கு வந்து போகிறவர்களும், அன்று கோட்டில் இருந்து சிரித்தவர்களும், பழுகாமத்தில் அவளுக்குப் பெயர் வைத்தவர்களும் இதைப் படிக்க வேண்டும். நல்லம்மை யாருக்கும் கதவு திறந்துவிடவில்லை. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மெய். உங்கள் வீட்டில், உங்கள் அயலில், படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால், தயவுசெய்து இதை அவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.